மூன்று தலைமுறையோடு மதுரையிலிருந்து ஆரியங்காவு, வர்க்கலா, கன்னியாகுமரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். அப்பாவுக்கு 78 வயது, அம்மாவுக்கு 72. கடைசிப் பேத்திக்கு நான்கு. மதுரையில் புறப்பட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காட்டைக் கடந்து, கொல்லத்தில் கடலைத் தொட்டு, வர்க்கலா, கன்னியாகுமரி வழியே வீடு திரும்பும் சுற்றை மூன்று முறை சென்று வந்திருக்கிறோம். முதல் முறை செய்த தவறுகளை அடுத்த இரண்டு முறைகளில் ஓரளவு திருத்திக்கொண்டோம். உறவினர்களும் நண்பர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? வார இறுதிக்குள் முடியுமா?

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி ஏறத்தாழ 160 கி.மீ. அங்கிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் 100 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கொல்லத்திலிருந்து வர்க்கலா முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். வர்க்கலாவிலிருந்து திருவனந்தபுரம், நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி ஏறத்தாழ 135 கி.மீ.; குமரியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் ஏறத்தாழ 245 கி.மீ. சுற்று முழுவதும் 650 கி.மீ.க்குக் குறையாது.

இளைஞர்கள் நால்வர் மட்டும் சென்றால் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்த குடும்பத்துக்கு வெள்ளி, திங்கள் ஆகியவற்றில் ஒரு நாளாவது விடுமுறை சேர்ந்து வரும் வாரம்தான் பொருத்தமானது. வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குப் பின் புறப்பட்டுக் குற்றாலத்திலோ தென்காசியிலோ இரவு தங்கலாம். சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன் கணவாயைக் கடந்து மாலைக்குள் வர்க்கலாவை அடையலாம். ஞாயிறு முற்பகல் அங்கிருந்து புறப்பட்டுக் குமரியில் தங்கி, திங்கள் மாலை ஊர் திரும்பலாம். ஒரு நாளில் முற்பகலில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் என்பதற்கு மேல் எதையும் சேர்க்காமல் இருப்பதுதான் நாங்கள் கண்ட அளவு. நடுப்பகல் முழுவதும் சாப்பாட்டுக்கும், குழந்தையின் தூக்கத்துக்கும், அப்பா காலை நீட்டிப் படுப்பதற்கும் போய்விடும்.

சனி, ஞாயிறு மட்டும்தான் இருக்கிறது. எதை விட்டுவிடலாம்?

கன்னியாகுமரியை விட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோரும் எதிர்ப்புச் சொல்வார்கள், ஆனாலும் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை தென்மலைப் பகுதியில் தங்கி, ஞாயிறு காலையில் கொல்லம் கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினால் பயணம் நிதானமாக இருக்கும். மதுரைக்காரர்களுக்குக் குமரி எப்போது வேண்டுமானாலும் ரயிலேறிப் போகக்கூடிய ஊர்தான்.

எந்த மாதம் நல்லது?

காட்டுக்கும் கடலுக்கும் ஒரே மாதம் பொருந்தி வருவதில்லை என்பதுதான் இந்தச் சுற்றின் சிக்கல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் குற்றாலமும் பாலருவியும் நிறைந்து விழும். ஆனால் அதே மாதங்களில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், மலைப்பாதையும் வழுக்கும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலைக் காலம். ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இந்தக் கணவாய் வழியாகவே பெருமளவில் செல்வதால் புளியரையிலிருந்து புனலூர் வரை நெரிசல் இருக்கும். மார்ச்சுக்குப் பிறகு அருவிகள் வற்றிவிடும்.

ஆகவே மகரவிளக்கு முடிந்த பின் ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முழுவதும் எங்கள் தேர்வு. அருவியில் நூல் போலத்தான் தண்ணீர் இருக்கும், ஆனால் காடு பசுமையாக இருக்கும், கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அருவி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் செப்டம்பர் பிற்பகுதியில் செல்லலாம். மழை முழுதாக விலகியிருக்காது என்பதை ஏற்றுக்கொண்டு செல்ல வேண்டும்.

என்ன வண்டி எடுப்பது? யாரை எங்கே உட்கார வைப்பது?

ஏழு பேர் வரை இன்னோவா போதும். அதற்கு மேல் என்றால் இரண்டு கார்களைவிட 12 இருக்கை டெம்போ டிராவலரே மேல். பேரக்குழந்தைகளும் தாத்தா பாட்டியும் ஒரே வண்டியில் வராவிட்டால் இந்தப் பயணத்தின் பாதி சுகம் போய்விடுகிறது. வாடகை வண்டியானால், கேரளாவுக்குள் செல்வதற்கான பர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு என்பதைப் பேசும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டிய பிறகு அதைப் பேசுவது சங்கடம்.

டெம்போ டிராவலரின் முதல் படி உயரமானது. முழங்கால் வலி உள்ள என் அம்மா முதல் முறை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருவர் கைபிடித்து ஏற வேண்டியிருந்ததால், மூன்றாவது நிறுத்தத்துக்குப் பிறகு "நான் வண்டியிலேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த முறை வீட்டிலிருந்த மரமுக்காலியை எடுத்துச் சென்றோம். அதன் பிறகு எந்த நிறுத்தத்திலும் அவர் இறங்காமல் இருந்ததில்லை.

பெரியவர்களை முன்வரிசையில், கதவுக்கு அருகில் அமர்த்துங்கள். பின் சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னும் உள்ள இருக்கைகளில் குலுக்கல் அதிகம். இடுப்பு வலி உள்ளவர்கள் அங்கே அமரக் கூடாது.

மலை வளைவில் வாந்தி வந்தால்?

இந்தக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான கடவுகளில் ஒன்று. கொடைக்கானல், வால்பாறை போல அடுக்கடுக்கான கொண்டை ஊசி வளைவுகள் இல்லை. புளியரையைத் தாண்டி வரும் எஸ் வளைவும், அதன் பின் ஆரியங்காவிலிருந்து தென்மலை வரையுள்ள நெளிவுகளும்தான் சோதனை. சரக்கு லாரிகள் எதிரில் வந்துகொண்டே இருக்கும். முந்த முயலாத ஓட்டுநரே நல்ல ஓட்டுநர்.

செங்கோட்டைக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். கைபேசியைப் பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் குமட்டும் என்பதால் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள். பயண வாந்திக்கான மாத்திரைகள் தூக்கத்தை உண்டாக்குபவை. பிராஸ்டேட் வீக்கமோ கண் நீரழுத்தமோ உள்ள பெரியவர்களுக்கு அவற்றுள் சில ஆகாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாதவையும் உண்டு. மருந்துக்கடையில் பொதுவாகக் கேட்டு வாங்காமல், யாருக்கு என்பதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையில் எங்கெல்லாம் நிற்கலாம்?

இந்த 50 கி.மீ. தான் பயணத்தின் நெஞ்சுப் பகுதி. இதை அவசரமாகக் கடந்தவர்களுக்காக வருந்துகிறேன்.

செங்கோட்டையிலேயே தொடங்கலாம். இவ்வூர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சிப் பகுதியில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிப்பின்போதுதான் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. 1911இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஊரும் இதுவே. அப்பா இங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கதை சொன்னார். அவர்கள் பத்து நிமிடம் கேட்டார்கள்.

அடுத்து ஆரியங்காவு சாஸ்தா கோயில். மதுரைக்காரர்களுக்கு இங்கே ஓர் உறவு உண்டு. ஐயன் மணந்த புஷ்கலா தேவி மதுரையைச் சேர்ந்த சௌராஷ்டிரப் பெண் என்பது ஐதிகம். மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிர சமூகத்தார் பெண் வீட்டாராகவே இன்றும் சென்று வருகிறார்கள். கோயில் சாலை மட்டத்துக்குக் கீழே இருப்பதால் படி இறங்க வேண்டும். இறங்கும்போது தெரியாத முழங்கால் வலி ஏறும்போது தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே பதின்மூன்று கண் பாலம் நிற்கிறது. செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதை 1904இல் திறக்கப்பட்டபோது கட்டப்பட்ட கல்பாலம். 2010இல் மீட்டர் கேஜ் ஓட்டம் நிறுத்தப்பட்டு, 2018இல் அகலப்பாதையாக மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. வண்டியிலிருந்து இறங்காமலே பார்க்கலாம் என்பதால் நடக்க முடியாதவர்களுக்கும் ஏற்ற இடம்.

ரயிலைப் பற்றி ஒரு யோசனையும் உண்டு. பகலில் செல்லும் ரயிலின் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, தாத்தாவையும் பேரப்பிள்ளைகளையும் ஒரு பெரியவர் துணையோடு செங்கோட்டையில் ரயிலேற்றிவிட்டு, மற்றவர்கள் வண்டியில் புனலூருக்குச் சென்று காத்திருக்கலாம். நாங்கள் இரண்டாம் பயணத்தில் அப்படிச் செய்தோம். குகைகளும் பாலங்களும் மாறி மாறி வரும் அந்தப் பாதையில், மீட்டர் கேஜ் வண்டியில் தன் இளமையில் போய் வந்த கதையை அப்பா சொல்லிக்கொண்டே வந்தாராம். இந்த முறை பிள்ளைகள் முழுவதையும் கேட்டிருக்கிறார்கள்.

தென்மலையில் கல்லடை ஆற்றின் அணையும், அதைச் சுற்றிச் செந்துருணி வனவிலங்குச் சரணாலயமும் உள்ளன. இப்பகுதிக்கே உரிய செங்குறிஞ்சி மரத்தின் பெயரைத்தான் சரணாலயம் தாங்கியிருக்கிறது. நீர்த்தேக்கத்தில் படகுப் பயணம் உண்டு. மான் பூங்கா குழந்தைகளுக்கு. புனலூரில் 1877இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலத்தில் இப்போது வண்டிகள் செல்வதில்லை; சமதளமாக இருப்பதால் பெரியவர்கள் மெதுவாக நடக்கலாம்.

அருவியில் பெரியவர்கள் குளிக்கலாமா?

நீர் குறைந்த நாளில், ஓரத்தில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வழுக்கி விழுவது பெரிய ஆபத்து. அவர்களுக்குக் குவளையில் பிடித்து ஊற்றுங்கள். மலை மேல் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரியாது. தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் வந்தால் அந்த நொடியே வெளியேற வேண்டும். காவலர்கள் குளிக்கத் தடை போட்டிருக்கும் நாளில் அவர்களிடம் வாதாட வேண்டாம். ஆரியங்காவுக்கு அருகிலுள்ள பாலருவிக்கு வாயிலிலிருந்து வனத்துறை வண்டியில் உள்ளே செல்ல வேண்டும். அதற்குப் பிறகும் நடை உண்டு.

காட்டுப் பகுதியில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், பிள்ளைகள் கையில் தின்பண்டத்தோடு இறங்க விடாதீர்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். பிடுங்காமல் உப்பைத் தூவினால் விழுந்துவிடும். கைபேசித் தொடர்பு இடையிடையே அறுந்துபோகும் என்பதால் தங்குமிட முகவரியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் குழந்தைகளை இறக்கலாமா?

கணுக்கால் அளவுக்கு மேல் வேண்டாம் என்பதே என் பதில். கொல்லம் கடற்கரை பார்வைக்கு அமைதியாகத் தெரியும். கரையை ஒட்டியே ஆழம் சரிவாக இறங்குவதால் திரும்பும் அலை காலை வாரிவிடும். வர்க்கலாவிலும் உயிர்காப்பாளர் நட்டிருக்கும் கொடிகளைப் பார்த்தே நிற்க வேண்டும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னோர் ஆபத்தைப் பலர் அறிவதில்லை. கேரள மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயற்காற்று எழுப்பும் பேரலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரையை வந்தடைகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் கள்ளனைப் போல மேலேறி வரும். பருவமழைக்கு முந்தைய கோடை மாதங்களில் இது அதிகம். 2024 மே மாதத்தில் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இறந்தது இத்தகைய எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. புறப்படும் முன்பும் ஒவ்வொரு நாள் காலையிலும் செய்தியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வர்க்கலாவில் செங்குத்தான மலையாமே. பாட்டியைக் கடற்கரைக்கு எப்படி அழைத்துச் செல்வது?

வர்க்கலாவின் அழகே கடலோரத்தில் சுவர் போல எழுந்து நிற்கும் செம்மண் குன்றுதான். குன்றின் மேலிருந்து இறங்கும் படிகள் செங்குத்தானவை. அவற்றில் பெரியவர்களை இறக்க வேண்டாம். ஜனார்த்தன சுவாமி கோயில் பக்கமிருந்து வரும் சாலை பாபநாசம் கடற்கரையின் மட்டத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. வண்டியை அங்கே நிறுத்தி, முக்காலியையோ மடக்கு நாற்காலியையோ மணலில் போட்டு அம்மாவை அமர்த்தினோம். சூரியன் கடலில் இறங்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

குன்றின் மேல் தங்குவதானால் விளிம்பு நடைபாதையில் குழந்தையின் கையை விடக் கூடாது. பாபநாசம் கரையில் முன்னோர்க்குப் பிண்டம் வைத்துத் தர்ப்பணம் செய்வது வழக்கம். கர்க்கடக அமாவாசையன்று, அதாவது நம் ஆடி அமாவாசையன்று, பெருங்கூட்டம் திரளும். நீங்களே தர்ப்பணத்துக்காகச் சென்றாலொழிய அந்த நாளைத் தவிருங்கள். ஊரின் மறுபக்கத்தில் சிவகிரியில் நாராயண குருவின் சமாதி இருக்கிறது. பெரியவர்கள் அமைதியாக அமர்ந்திருக்க நல்ல இடம்.

சாப்பாடு எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா?

முதல் நாளுக்கு வீட்டிலிருந்தே புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். செங்கோட்டைக்கு அருகே பிரானூர் பார்டர் புரோட்டாவும் கோழியும் இளையவர்களின் பிடிவாதம். அதை மலையேறும் காலையில் அனுமதிக்காமல் முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள்.

கேரளாவில் சாப்பாட்டுக் கடையில் அமர்ந்தால் பெருமணிச் சிவப்பரிசிச் சோறு வரும். எங்கள் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். வெள்ளைச் சோறு என்று கேட்டால் பல கடைகளில் தருவார்கள். குடிக்க இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்கள். அது பதிமுகம் என்னும் மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்கவைத்த நீர். நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தயங்கினாலும், வெளியூரில் கொதிக்கவைத்த நீர் கிடைப்பது நல்லதுதான். ஆப்பமும் புட்டும் பல் இல்லாதவர்க்கும் குழந்தைக்கும் ஒத்துப்போகின்றன.

அறை பதிவு செய்யும்போது எதைக் கேட்க வேண்டும்?

தரைத்தளம், மேற்கத்திய கழிப்பறை, அதன் அருகே கைப்பிடி, வழுக்காத தரை. இந்த நான்கையும் தொலைபேசியிலேயே கேட்டு, கழிப்பறையின் படத்தைக் கைபேசியில் அனுப்பச் சொல்லுங்கள். முதல் பயணத்தில் ஒரு விடுதி தரைத்தளம் என்று ஒப்புக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் மூன்றாம் தளத்து அறையைக் கொடுத்தது. மின்தூக்கி அன்று இரவு பழுது. அப்பா ஏறிவிட்டார், ஆனால் மறுநாள் காலை உணவுக்கு இறங்கி வரவில்லை. இப்போதெல்லாம் ஒப்புக்கொண்டதை எழுத்தில் செய்தியாக வாங்கிக்கொள்கிறோம்.

மருந்து விஷயத்தில் எது முக்கியம்?

மூன்று நாள் பயணத்துக்கு ஐந்து நாள் மருந்து. பாதியைக் கைப்பையிலும் பாதியை இன்னொருவர் பையிலும் வையுங்கள். இன்சுலினை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டுச் செல்லக் கூடாது. பனிக்கட்டியை ஒட்டி வைத்தாலும் கெடும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும் என்று தோன்றினால் வண்டியிலேயே ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

பலரும் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. வழியில் கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்ற கூச்சத்தில் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். நீர் மாத்திரையையும் யாருக்கும் சொல்லாமல் தவிர்ப்பார்கள். இரண்டும் தீங்கு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும் என்று புறப்படும்போதே அறிவித்துவிட்டால் இந்தக் கூச்சம் பெருமளவு நீங்கும். அமர்ந்தே இருப்பதால் வரும் கால் வீக்கமும் குறையும். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அவசரத்துக்கு 108 இரு மாநிலங்களிலும் உண்டு.

பத்மநாபபுரம் அரண்மனையை வழியில் சேர்க்கலாமா?

ஞாயிறு என்றால் சேர்க்கலாம், திங்கள் விடுமுறை. தக்கலைக்கு அருகே தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். மரவேலைப்பாடும், கண்ணாடி போல மின்னும் கருந்தரையும் பார்க்க வேண்டியவை. ஆனால் மரப்படிகள் குறுகலும் செங்குத்துமானவை, நிலைப்படிகள் தாழ்ந்தவை, ஒருவழிப் பாதையில் நெடுந்தூரம் வெறுங்காலோடு நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் பாதிப் பேர் உள்ளே சென்றார்கள். மீதிப் பேர் வெளியே நிழலில் அமர்ந்து நுங்கு சாப்பிட்டார்கள். யாருக்கும் குறையில்லை.

கன்னியாகுமரியில் பாறைக்குப் படகில் போகலாமா? எத்தனை மணிக்குத் திரும்புவது?

முதல் படகுக்கே வரிசையில் நிற்பதானால் போகலாம். நேரம் ஆக ஆக வரிசையும் வெயிலும் நீளும். படகில் ஏறி இறங்கும் நொடியில்தான் ஆட்டம் அதிகம் என்பதால் பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒருவர் துணை நிற்க வேண்டும். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டதிலிருந்து, இரண்டுக்கும் தனித்தனியாகப் படகேற வேண்டியதில்லை. சிலையின் 133 அடியில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்கு. என் மூத்த மகள் இந்தக் கணக்கைக் கண்ணாடிப் பாலத்தின் நடுவில் நின்று தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். கீழே கடலைப் பார்க்காமல் இருப்பதற்கு அவருக்கும் அது உதவியது. கடல் சீற்றம் காரணமாகப் படகு நிறுத்தப்பட்டால் கரையிலிருந்தே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

காலை பத்தரைக்குள் கிளம்பினால் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளைப் பிள்ளைகள் எண்ணி முடிப்பதற்குள் நாங்குநேரி வந்துவிடும். திருநெல்வேலியில் சாப்பாடு, வண்டிக்குள் எல்லோருக்கும் தூக்கம், நான்கு மணி அளவில் மதுரை. இருட்டுவதற்கு முன் வீடு சேர்ந்தால், அம்மா அன்றைக்கே அடுப்பில் ஒரு ரசம் வைத்துவிடுவார்.